ஊர்ப்பெயர் கொண்ட அணியும் ஊருக்குச் சொந்தமான திடலும்

(கீரமங்கலத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காரைக்குடிக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. ‘காரைக்குடி காளை’ என்று பெயர். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-இல் தொடங்கிய டி.என்.பி.எல். போட்டியின் முதல் எட்டு அணிகளில் அதுவும் ஒன்று. கீரமங்கலத்திலிருந்து பார்த்தால், அந்தப் பட்டியலில் நமக்கு மிக அருகில் இருந்த ஊர்ப்பெயர் அதுதான். 2016 முதல் 2019 வரை நான்கு பருவம் ஆடிய அந்த அணி, காரைக்குடி மண்ணில் ஒரு டி.என்.பி.எல். ஆட்டம்கூட ஆடவில்லை. சென்னை சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி சங்கர்நகர் ஆகிய மூன்று இடங்களில்தான் எல்லா அணிகளும் ஆடின. 2020-இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 2021-இல் மீண்டும் தொடங்கியபோது, காரைக்குடி காளை ‘திருப்பூர் தமிழன்ஸ்’ ஆகியிருந்தது. காரைக்குடியில் அன்றைக்கு எதுவும் மாறவில்லை. பூட்டுவதற்கு அங்கே ஒரு கதவுகூட இல்லை.

காரைக்குடிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது. திருவள்ளூர் வீரன்ஸ் என்று தொடங்கிய அணி காஞ்சி வீரன்ஸ் ஆகி, பிறகு நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. காஞ்சி வாரியர்ஸ் திருச்சிக்குப் போனது. முதல் பருவத்தில் கோப்பையை வென்றது தூத்துக்குடி அணி. இரண்டாம் பருவத்திலும் இறுதி ஆட்டம் வரை வந்தது. அந்த அணியும் பிறகு சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. தூத்துக்குடிக்காரர் ஒருவர் தன் ஊர் வென்ற கோப்பையைப் பற்றிப் பேரனிடம் சொல்ல நினைத்தால், எங்கே அழைத்துப்போய்க் காட்டுவார்?

இன்றைய உரையின் பொருள் இதுதான். ஒரு சிறிய ஊருக்கு விளையாட்டரங்கம் எப்படி வருகிறது, எதனால் நிலைக்கிறது, எப்போது போய்விடுகிறது? நான் பார்த்தவரை விடை ஒன்றுதான்: திடலின் மீது ஊருக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அது நிலைக்கிறது. எந்த அணி ஆடுகிறது, எத்தனை விளக்குக் கம்பம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் நத்தத்தை எடுத்துக்கொள்வோம். புளிக்கும் மாங்காய்க்கும் பேர்போன ஊர். மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவதையும் கழுமரம் ஏறுவதையும் பார்க்கச் சுற்றுவட்டாரமே திரளும். மலைகள் சூழ்ந்த அந்தப் பேரூராட்சிப் பகுதியில், என்.பி.ஆர். கல்வி நிறுவன வளாகத்துக்குள் ஒரு கிரிக்கெட் திடல் இருக்கிறது. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நடந்திருக்கின்றன. டி.என்.பி.எல். வந்த பிறகு திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு அதுவே வீடு.

2018 ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தத் திடலில் நடந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த ஆண்டின் துலீப் கோப்பை ஆட்டங்கள் முழுவதையும் நத்தத்திலேயே நடத்தினார்கள். துலீப் கோப்பை என்பது இந்திய அணியின் வாசற்படியில் நிற்கும் வீரர்கள் மோதும் முதல்தரப் போட்டி. பகலிரவு ஆட்டம், விளக்கொளியில் இளஞ்சிவப்புப் பந்து. இந்தியாவில் அந்தப் பந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டம் நடப்பதற்கு ஓராண்டுக்கும் மேல் இருந்த நேரம் அது. கொல்கத்தாவில் அந்த முதல் ஆட்டம் 2019 நவம்பரில்தான் நடந்தது. பெருநகரங்களில் பலர் பார்த்திராத பந்தை நத்தத்துக்காரர்கள் நேரில் பார்த்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் இந்தியா புளூ அணி இந்தியா ரெட் அணியை வென்றது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2016-இல் திண்டுக்கல் அணிக்காகத்தான் டி.என்.பி.எல். ஆடினார். ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகவே போட்டார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வடிவிலும் அறிமுகமானார். இரண்டாம் நிலைப் போட்டி ஒன்று எதற்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அவருடைய கணக்கே போதும். ஆனால் நான் அவரைப் பற்றிப் பேச வந்தது வேறு ஒன்றுக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

நத்தம் திடல் கல்லூரியுடையது. சங்கர்நகர் திடல் சிமென்ட் ஆலையுடையது. தாழையூத்தில் 1949-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ் ஆலையின் ஊழியர் நகரம்தான் சங்கர்நகர். அதன் திடல் நெல்லைச் சீமைக்கே கிரிக்கெட் முகவரியானது. தனியார் கட்டிக் காத்ததால்தான் இந்த இரண்டு இடத்திலும் புல் பச்சையாக இருக்கிறது. அதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2024 டிசம்பரில் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனமே அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. மறு ஆண்டும் சங்கர்நகரில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்தன, நல்லது. இனியும் நடக்குமா, நடக்காதா என்ற முடிவில் தாழையூத்துக்காரருக்கு ஒரு வாக்கும் இல்லை.

வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் திடலை 2020 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் திறந்துவைத்தார். ராகுல் திராவிட் வந்திருந்தார். கோவையில் எஸ்.என்.ஆர். கல்லூரித் திடல் சேர்ந்தது. இப்படிச் சென்னைக்கு வெளியே நான்கு இடம் ஆயிற்று. 2025-இல் போட்டி முழுவதும் சென்னைக்கு வெளியேதான் நடந்தது, இறுதி ஆட்டம் நத்தத்தில். அன்று உள்ளூர் திண்டுக்கல் அணியை 118 ரன் வித்தியாசத்தில் வென்று, திருப்பூர் தமிழன்ஸ் முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. பழைய காரைக்குடி காளைதான் அது.

இப்போது உங்களைக் கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்கு அழைத்துப்போகிறேன். சிறிய ஊரின் விளையாட்டரங்கத்துக்கு முழு வாழ்க்கை வரலாறு, பிறப்பு முதல் இறப்பு வரை, அங்கேதான் கிடைக்கிறது.

அந்த நாட்டின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். அங்கே பாட்டக்கெட் என்று ஓர் ஆலை நகரம். சாமுவேல் ஸ்லேட்டர் 1793-இல் நீர்விசையால் இயங்கும் பருத்தி நூற்பாலையைக் கட்டியது அந்த ஊரில். அமெரிக்க ஆலைத்தொழிலின் தொடக்கமே அதுதான் என்பார்கள். 1930-களில் உலகப் பெருமந்தம் வந்தபோது, வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு பொதுப்பணித் திட்டம் ஒன்றை வகுத்தது. நம் நூறு நாள் வேலை போல, ஆனால் சாலை, பாலம், பள்ளி, அரங்கம் என்று பெரிய கட்டுமானங்கள். பாட்டக்கெட்டின் மேயர் தாமஸ் மெக்காய் அந்தத் திட்டத்தின் கீழ் ஊருக்குப் பேஸ்பால் அரங்கம் கட்ட முடிவெடுத்தார். தேர்ந்தெடுத்த இடமோ சதுப்பு நிலம். செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போனது. மேயரின் பைத்தியக்காரத்தனம் என்று ஏசினார்கள். 1942-இல் அரங்கம் திறந்தது. அவர் மறைந்த பிறகு அவர் பெயரையே வைத்தார்கள்: மெக்காய் ஸ்டேடியம்.

அமெரிக்கப் பேஸ்பாலில் பெரிய லீக் அணிகளுக்குக் கீழே படிப்படியாகச் சிறிய லீக் அணிகள் உண்டு. பெரிய அணிதான் இளம் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சிற்றூர்களுக்கு ஆட அனுப்பும். வீரர் தேறினால் மேலே அழைத்துக்கொள்ளும். ஊரின் பங்கு அரங்கமும் ஆட்களும். 1970-களில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கடைசிப் பயிற்சிப் படி பாட்டக்கெட்டில் இருந்தது. 1977-இல் அந்தச் சிறிய அணி திவாலானது. நூற்பாலைத் தொழிலில் பொருள் சேர்த்த பென் மாண்டர் என்பவர் அதை வாங்கினார். கனடாவில் பிறந்தவர், பேஸ்பால் உலகுக்குப் புதியவர். அந்த ஆண்டு முழுவதும் வந்த பார்வையாளர் சுமார் 70 ஆயிரம். நுழைவுச்சீட்டை மலிவாக வைத்தார், கழிப்பறையைச் சுத்தமாக வைத்தார், குடும்பத்தோடு வரச் செய்தார். 2005-இல் பார்வையாளர் எண்ணிக்கை 6 லட்சத்து 88 ஆயிரம். பாட்டக்கெட்டின் மக்கள்தொகையே 70 ஆயிரத்தை ஒட்டித்தான்.

அந்த அரங்கத்தில் ஓர் அமைப்பு விநோதமானது. வீரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் படிகளுக்கு அடியில், திடலின் மட்டத்தில் இருந்தது. மேலே இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் வீரர்கள் தெரிய மாட்டார்கள். கையெழுத்து வாங்குவது எப்படி? பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். காலியான பிளாஸ்டிக் பால் கேனின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே பந்தையும் பேனாவையும் வைத்து, கயிற்றில் கட்டித் தடுப்புச் சுவருக்கு மேலிருந்து இறக்குவார்கள். கீழே இருக்கும் வீரர் எடுத்துக் கையெழுத்திட்டுத் திரும்ப வைப்பார். தூண்டில் போடுவது என்றே அதற்குப் பெயர். கட்டடத்தின் குறைதான் அது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்ப் பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது. புதிதாகத் திட்டமிட்டுக் கட்டும் அரங்கங்களில் எத்தனை கோடி கொட்டினாலும் இப்படி ஒன்று முளைக்காது. புழங்கப் புழங்கத்தான் வரும்.

1981 ஏப்ரல் 18 இரவு அங்கே ஓர் ஆட்டம் தொடங்கியது. எதிரணி ரோச்செஸ்டர். ஒன்பது சுற்றில் முடிய வேண்டிய ஆட்டம் சமநிலையில் நீண்டுகொண்டே போனது. கடும் குளிர், எதிர்க்காற்று. வீரர்கள் உடைந்த மட்டைகளைத் தகர டிரம்மில் போட்டுக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். இத்தனை மணிக்கு மேல் ஆடக்கூடாது என்ற விதி அந்த ஆண்டு நடுவர் கையேட்டில் விடுபட்டுப் போயிருந்ததால் நடுவர்கள் நிறுத்தவில்லை. விடிந்தால் ஈஸ்டர். அதிகாலை 4 மணி 7 நிமிடத்துக்கு, 32 சுற்றுக்குப் பிறகு, ஒருவழியாக நிறுத்தினார்கள். அப்போது அரங்கில் இருந்த பார்வையாளர்கள் 19 பேர். ஜூன் 23 அன்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது 18 நிமிடத்தில், 33-ஆம் சுற்றில், பாட்டக்கெட் 3-2 என்று வென்றது. தொழில்முறைப் பேஸ்பால் வரலாற்றின் மிக நீண்ட ஆட்டம் அது. வேட் பாக்ஸ், கால் ரிப்கன் என்று பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இருவர் அன்று எதிரெதிர் அணியில் ஆடினார்கள். டான் பாரி என்ற செய்தியாளர் அந்த ஒரே ஓர் ஆட்டத்தைப் பற்றி 2011-இல் முழுப் புத்தகமே எழுதினார். வீரர்கள் மட்டுமல்ல, அந்த இரவில் அரங்கில் இருந்த பணியாளர்கள், பார்வையாளர்கள் வாழ்க்கையும் அதில் வருகிறது.

பென் மாண்டர் 2010-இல் காலமானார். 2015-இல் அணி புதிய கூட்டமைப்பு ஒன்றிடம் கைமாறியது. அவர்களுக்குப் புதிய அரங்கம் வேண்டும்; அரசுப் பணத்தில் வேண்டும். பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. 2018-இல், பக்கத்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வொர்செஸ்டர் நகருக்குப் போவதாக அறிவித்துவிட்டார்கள். பாட்டக்கெட் மக்கள் விடைகொடுக்க வேண்டிய 2020 பருவம் கொரோனாவால் நடக்கவே இல்லை. 2021 முதல் அணி வொர்செஸ்டரில் ஆடுகிறது. அதே ஆண்டில் பெரிய லீக் நிர்வாகம் சிறிய லீக் முழுவதையும் திருத்தி, 160 அணிகளை 120 ஆகக் குறைத்தது. பல சிற்றூர்கள் ஒரே நாளில் அணியை இழந்தன. முடிவெடுத்தவர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள்.

மெக்காய் ஸ்டேடியத்தை 2025-இல் இடிக்கத் தொடங்கினார்கள். கேட்கவே மனம் கனக்கும் செய்திதான். ஆனால் நான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதற்கு அடுத்து நடப்பதில் இருக்கிறது. அந்த நிலம் நகரத்துக்குச் சொந்தம். அணி போனது, நிலம் போகவில்லை. அதில் என்ன செய்வது என்று ஊரார் தங்களுக்குள் விவாதித்தார்கள். நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றாக்கிப் புதிய பள்ளி கட்டலாம் என்று 2022-இல் வாக்களித்து முடிவு செய்தார்கள். அணியை இழந்த ஊர்களில் இந்த அளவுக்குத் தன் கையில் முடிவை வைத்திருந்த ஊர்கள் எத்தனை என்று யோசிக்கிறேன். எனக்கு அந்த அரங்கம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனாலும் அடுத்த கட்டடம் வணிக வளாகமாக இல்லாமல் பள்ளியாக வருவது, நிலம் பொதுவில் இருந்ததால்தான்.

இனி நம் பக்கம் வருவோம். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில், சுமார் 66 ஏக்கரில், 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஏறுதழுவுதல் அரங்கம் கட்டி 2024 ஜனவரி 24 அன்று திறந்தார்கள். பெரிய அரங்கம், வசதியான இருக்கைகள். ஆனால் பொங்கலையொட்டி நடக்கும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு இன்றும் ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில்தான் நடக்கிறது. கோயில் காளை அவிழும் இடம் அது, ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. புதிய அரங்கத்தில் மற்ற போட்டிகள் நடக்கட்டும். இரண்டும் இருக்கட்டும் என்பதுதான் என் கருத்தும்.

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழகத்தில் வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டமும் நமது மாவட்டமே. 2017 புவனேசுவரம் ஆசியத் தடகளத்தில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற லட்சுமணன் இந்த மாவட்டத்துக்காரர். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் இரண்டாவதாக ஓடிவந்த கத்தக்குறிச்சி சாந்தி செங்கல் சூளைத் தொழிலாளர் மகள். அவரிடமிருந்து அந்தப் பதக்கத்தைப் பறித்த அநியாயத்தை இந்த மேடையில் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. இவர்கள் யாரும் விளக்குக் கம்பம் போட்ட அரங்கத்தில் ஓடப் பழகியவர்கள் அல்ல. மண் தரையில் வெறுங்காலோடு தொடங்கியவர்கள்தான் நம் மாவட்டத்தில் அதிகம்.

கீரமங்கலத்தில் அதிகாலையில் மல்லிகையும் முல்லையும் காக்கரட்டானும் பறித்துக் கமிஷன் கடையில் எடை போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. வேலை முடிந்தவர்களுக்கு இரவுதான் விளையாட நேரம். அதனால்தான் நம் வட்டாரத்தில் மின்னொளிக் கபடி இத்தனை செழித்தது. களம் எங்கே? பள்ளித் திடல், கோயில் திடல், குளக்கரைப் பொட்டல், அறுப்பு முடிந்த வயல். இவற்றில் எது ஊருக்கு உரிமையுள்ள விளையாட்டிடம் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் களம் புறம்போக்கு என்றோ மேய்ச்சல் நிலம் என்றோ இருக்கும். ஐம்பது வருடம் ஆடிய இடமாக இருந்தாலும், நாளைக்கு அங்கே ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினால் ஆட்சேபிக்க எழுத்தில் ஒன்றும் இல்லை. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற அரசுத் திட்டம் வந்திருக்கிறது, வரவேற்கிறேன். அது தொகுதிக்கு ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் நடந்தே போகும் தொலைவில் உள்ள திடலை அந்தந்த ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடராஜனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? இந்தியாவுக்கு ஆடிப் பெயரும் பொருளும் சம்பாதித்தவர், சேலம் நகரத்திலோ சென்னையிலோ அகாடமி தொடங்கியிருக்கலாம். சின்னப்பம்பட்டியிலேயே ஒரு திடல் அமைத்தார். 2023 ஜூன் 23 அன்று தினேஷ் கார்த்திக் அதைத் திறந்துவைத்தார். டி.என்.பி.எல். அங்கே வரப்போவதில்லை. பக்கத்துக் கிராமப் பையன் டென்னிஸ் பந்தை வைத்துவிட்டு முதன்முதலாக லெதர் பந்தைத் தொடும் இடம் அது. அங்கே யார் ஆடலாம் என்பதைச் சின்னப்பம்பட்டியில் பிறந்த ஒருவர் முடிவு செய்கிறார். நத்தத்தையும் சங்கர்நகரையும் மதிக்கிறேன்; ஆனால் என் மனம் போய் நிற்பது இந்தத் திடலில்தான்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் இந்தப் பகுதியின் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கையில் காசில்லாத மறு வருடமே பேராவூரணிப் பெரிய குளத்தை இளைஞர்கள் ஊர்ப்பணத்தில் தூர்வாரினார்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் அதே வேலை நடந்தது. இந்த அவையில் இருக்கும் பலர் அதில் மண் சுமந்தவர்கள். குளத்தைக் காத்த கை திடலையும் காக்கும் என்று நம்புகிறேன். குளத்துக்கு ஆன செலவில் சிறு பங்கும் இதற்கு ஆகாது. நிலத்தைச் சமன் செய்து, முள்ளை வெட்டி, நான்கு பக்கமும் நிழலுக்கு மரம் வைத்து, குடிநீர்க் குழாய் ஒன்றும், பெண் பிள்ளைகள் வந்து ஆடுவதற்கு ஒழுங்கான கழிப்பறை ஒன்றும் போட வேண்டும். கடைசியாகச் சொன்னதை முதலில் செய்யுங்கள். அது இல்லாத திடலுக்கு எந்தத் தாயும் மகளை அனுப்ப மாட்டாள்.

அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். கபடிப் போட்டி நோட்டீஸ் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். தேதி, கிழமை, நடக்கும் இடம், நுழைவுக் கட்டணம், முதல் பரிசு முதல் நான்காம் பரிசு வரை தருபவர் பெயர், கோப்பை உபயம், வீரர்களுக்குச் சாப்பாடு உபயம், ஒலி ஒளி அமைத்தவர் பெயர், அடியில் அச்சகத்தின் பெயர் வரை அதில் இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையன்கள் பாஸ்போர்ட் போட்டோவோடு வரிசையாக இருப்பார்கள். பாட்டக்கெட்டின் ஒரே இரவைப் பற்றிப் புத்தகம் எழுத முடிந்தது, அன்றைய ஆட்டக் குறிப்பும் அங்கே இருந்தவர்களும் கிடைத்ததால்தான். நம் இடத்தில் எத்தனை ஆண்டாக, யார் யார் ஆடினார்கள் என்பதற்கு அந்த நோட்டீஸ்தான் எழுத்துச் சான்று. ‘விளையாட்டுத் திடல்’ என்று நிலத்தின் வகைப்பாட்டை மாற்றக் கோரிப் பேரூராட்சித் தீர்மானம் கொண்டுவரும்போதும், வட்டாட்சியருக்கு மனுக் கொடுக்கும்போதும், பின்னிணைப்பாக வைக்க வேறு எதுவும் நம்மிடம் கிடையாது. பழையவை பரணில் இருந்தால் எடுத்து, ஒரு நகலை ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். புல எண்ணையும் ‘அ’ பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்கும் வேலையைச் சட்டம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் ஏற்றுக்கொண்டால், வரும் தைக்குள் மனுவை எழுதிவிடலாம்.